கோத்தகிரி வழியாக

குன்னூர் கடைவீதியில் நான் நின்ற இடங்களின் கணக்கு
வீட்டில் பொருளாகக் கிடக்கிறது:
குடை மூன்று,
மூடி பொருந்தாத டப்பா,
யார் தலைக்கும் சேராத ஒரு கம்பளித் தொப்பி.

கெண்டைக்கால் கவ்விப் பிடிக்கும்.
பிடித்ததும் எதிரில் எந்தக் கடையோ
அந்தக் கடையில் எனக்கு வேலை வந்துவிடும்.
விலை கேட்பேன், புரட்டுவேன், பேரம் பேசுவேன்,
வலி இறங்கும்வரை.
வர்க்கிக் கடை வாசலென்றால் அரைக்கிலோ.

"இவ்வளவு வர்க்கியை யார் தின்னுறது?"
கேட்டுக்கொண்டிருந்த ருக்கி
ஒருநாள் குடைகளைப் பார்த்தாள்,
என் காலைப் பார்த்தாள்,
மறுநாள் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற்றினாள்.

கையில் கட்டும் பட்டையைக் கணுக்காலிலும் கட்டிக்
காற்றடித்து,
இரண்டு கணக்கையும் வகுத்துப் பார்த்த டாக்டர் கேட்டார்:
"பீடியா, சிகரெட்டா?"

இருபத்தெட்டு வருஷம் கேரட் லோடு.
ராத்திரி இரண்டுக்குக் கேத்தியில் கிளப்பினால்
விடியுமுன் மேட்டுப்பாளையம் மண்டி.
தூக்கத்துக்கு எதிரி அது ஒன்றுதான், டாக்டர்.

"இன்னியோட விடுங்க. மாத்திரை எழுதியிருக்கேன்.
அப்புறம், நடங்க."
நடந்தால்தானே வலிக்கிறது?
"வலிக்கிற வரைக்கும் நடங்க. நல்லா வலிச்சதும் நில்லுங்க.
முழுசா விட்டதும் மறுபடி நடங்க."

விளங்காத என் முகத்துக்காக
சீட்டின் பின்புறம் ஒரு கோடு இழுத்தார்,
கோட்டின் நடுவில் ஒரு திட்டு.
"பர்லியாறு பக்கம் மண் சரிஞ்சா என்ன செய்வீங்க?"
கோத்தகிரி வழியாகப் போவேன்.
"ரத்தமும் அப்படித்தான். சின்னப் பாதைங்க இருக்கு.
கால் நடந்து கேட்டாத்தான் அதுங்க அகலும்."

கேட்கலாம். சமதரைக்கு எங்கே போவது?
இந்த ஊரில் பக்கத்து வீட்டுக்கே பதினெட்டுப் படி.
கோயில் மேலே, ரேஷன் கடை கீழே,
கல்லறைத் தோட்டம்கூடச் சாய்வு.
அலைந்து பார்த்ததில் மட்டமாய்க் கிடைத்தது
கேத்தி ஸ்டேஷன் பிளாட்பாரம் மட்டும்.
ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் நடுவே
அது யாருக்கும் வேண்டாத சமவெளி.

"எந்த ஊருக்கு, போஜண்ணா?" ஸ்டேஷன் மாஸ்டர் பிரகலாதன்.
அதோ, அந்தக் கம்பத்துக்கு.

முதல் வாரம் கம்பம் கிடைக்கவில்லை.
பெயர்ப்பலகையிலிருந்து தண்ணீர்க் குழாய், அவ்வளவுதான்.
குழாயருகே கால் கல்லானது.
பெஞ்சில் உட்கார்ந்தேன்.
கீழே பள்ளத்தில் கேரட் கழுவும் மெஷினின் இரைச்சல்,
அதற்கு மேலே ஏறிவரும் மேகம்.
வலி வரும்போது தட்டிக்கொண்டு வருகிறது;
போகும்போது சொல்லாமல் போய்விடுகிறது.
போனபின் எழுந்தேன்.
மறுபடி குழாய். மறுபடி பெஞ்சு.

வண்டி கொதித்த ராத்திரிகள் ஞாபகம் வந்தன.
கொண்டை ஊசி வளைவில் ஓரங்கட்டி,
சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்து,
பானெட்டைத் தூக்கிவிட்டுக் காத்திருப்பேன்,
ரேடியேட்டர் ஆறும்வரை.
ஒருதரம்கூட அந்த வண்டியைக் கேவலமாய் நினைத்ததில்லை.
காலை மட்டும் ஏன்
மூன்று குடைகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்?

ஐந்தாம் வாரம் மழை, இரண்டு நாள் போகவில்லை.
ஆறாம் வாரம் ஒரு பீடி. பொய் சொல்வானேன்.
பாதியில் அணைத்தேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பத்தாம் வாரத்தில் ஒரு காலை குழாயைத் தாண்டியிருந்தேன்.
தாண்டியது கம்பத்தைத் தொட்டபோதுதான் தெரிந்தது.
வலி வராமல் இல்லை.
ஊட்டி பாசஞ்சர் போல
தாமதமாக, ஆனால் வந்தது.
பிரகலாதன் ஜன்னல் வழியே பச்சைக்கொடியை ஆட்டினார்,
தண்டவாளத்தில் ரயில் ஏதும் இல்லை.

நேற்று குன்னூரில்
செருப்புக்கடை முன்னால் பிடித்தது.
ஸ்டூலை இழுத்துக்கொண்டு பையன் ஓடிவந்தான்:
"என்ன பாக்குறீங்கண்ணா? லெதரா, ரப்பரா?"

ஒன்றும் பார்க்கவில்லை, தம்பி.
நிற்கிறேன்.